வண்டி ஓடினால் கோடு ஆடும்

குளிர்சாதன வண்டிக்குள் தொங்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு டிஜிட்டல் அடையாளம் கொடுத்துவிட்டால் கடல் உணவு ஏற்றுமதியில் பாதித் தலைவலி போய்விடும் என்று சென்னையிலிருந்து மடிக்கணினியோடு வருகிறவர்கள் சொல்கிறார்கள். பொய் இல்லை. பாதி போய்விடும் என்பது ஏறக்குறைய சரியான கணக்குதான். என்னை அரித்துக்கொண்டிருப்பது மற்றப் பாதி. அதை மண்டபத்தில் ஒரு கம்பெனியின் உறைகிடங்கில், கண்ணுக்கு நேரே, நைலான் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்தேன். அதன் பிறகு இந்தப் பேச்சை யார் எடுத்தாலும் சும்மா இருக்க முடியவில்லை.

நான் கருவி விற்கிறவன் இல்லை. ராமநாதபுரத்தில் இருந்துகொண்டு, மண்டபம் தொடங்கி சாயல்குடி வரை ஐஸ் பிளாண்டுகள், மீன் கம்பெனிகள், கிடங்குகள் ஆகியவற்றின் நெட்வொர்க், கேமரா, வெப்பநிலை லாகர் இவற்றைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. கருவி பேசாமல் போனால் என்னைக் கூப்பிடுவார்கள். பேசிக்கொண்டிருக்கும் வரை என் நினைப்பே யாருக்கும் வராது. இந்தக் கதையில் விசேஷம் என்னவென்றால், கருவி நன்றாகவே பேசிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒரு தடவைகூடத் தவறாமல்.

சரக்கு ஊசிக்கணவாய். சுத்தம் செய்து, பிளேட் ஃப்ரீசரில் பிளாக்காக உறையவைத்து, அட்டைப்பெட்டியில் அடைத்து, இரவோடு இரவாகக் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடிக்கு அனுப்புவார்கள். அங்கே கிடங்கில் இறக்கி, பிறகு கன்டெய்னர், பிறகு கப்பல். உறைந்த சரக்கு மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் பாலபாடம். வழியில் அது அப்படித்தான் இருந்தது என்று வாங்குகிறவருக்குக் காட்டத்தான் லாகர்: உள்ளங்கை அளவு பெட்டி, உள்ளே ஒரு சிம், ஒரு பேட்டரி, ஒயர் நுனியில் ஒரு சென்சார்.

அன்று காலை தூத்துக்குடியில் சரக்கு இறங்கியபோது, தரம் பார்க்கும் பெண் வழக்கம்போல ஊசித் தெர்மாமீட்டரைப் பெட்டிகளுக்கு நடுவே செருகிப் பார்த்தார். கதவோரப் பெட்டிகளில் மைனஸ் 11. சில அட்டைகளின் மூலை நனைந்து, தொட்டால் குழைந்தது. சரக்கைத் தனியே ஒதுக்கி நிறுத்திவிட்டார். செய்தி போனதும் ஆபீசில் லாகர் அறிக்கையை எடுத்தார்கள். ஏற்றியது முதல் இறக்கியது வரை மைனஸ் 20 சொச்சம், கோடு போட்டது போல. அவ்வளவுதான், தொலைபேசியில் சண்டை. எங்கள் கருவி டிஜிட்டல் சான்றிதழ் பெற்றது, அது அனுப்புவதை இடையில் யாரும் திருத்த முடியாது, உங்கள் ஊசியைக் கடைசியாக யார் சரிபார்த்தார்கள் என்று இந்தப் பக்கம். "பெட்டியைத் தொட்டுப் பார்த்தவள் நான்" என்று அந்தப் பக்கம். கையால் தொட்டவரின் சொல் எடுபடவில்லை. கருவி டிஜிட்டலாகக் கையொப்பமிட்டு அனுப்பிய எண்கள் எடுபட்டன. இதை ஆபீசின் திமிர் என்று நான் சொல்ல மாட்டேன். அடையாளம் உறுதியான ஒன்று பேசும்போது நாம் எல்லோருமே அப்படித்தான் சாய்ந்துவிடுகிறோம்.

சர்வரில் யாராவது விளையாடியிருக்கிறார்களா என்று பார்க்க என்னை அழைத்தார்கள். பார்த்தேன். சான்றிதழ் செல்லுபடியாகக்கூடியது, காலாவதிக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. வழங்கியது கருவியை விற்ற நிறுவனத்தின் சொந்தச் சான்றளிப்பு அமைப்பு. பேசுவது தான்தான் என்று கருவி நிரூபிக்கப் பயன்படும் ரகசியச் சாவி, அதன் பாதுகாப்புச் சில்லுக்குள்ளேயே பிறந்தது. வெளியே எடுத்து நகல் எடுக்க வழி இல்லாத வகை. இணைப்புகள் அனைத்தும் மறையாக்கம் செய்யப்பட்டவை. இடைவெளி இல்லை, திருத்தம் இல்லை. பாடநூலில் படமாகப் போடலாம், அவ்வளவு சுத்தம்.

அப்போதுதான் சூப்பர்வைசர் அண்ணன் தேநீர் கிளாசோடு என் மேசைக்கு வந்தார். ஐஸ் அடிக்கும் வேலையில் தொடங்கி, கம்ப்ரசர், ஃப்ரீசர் என்று இந்தக் கரையிலேயே தலை நரைத்தவர். கணினியில் அவருக்கு லாகின் கிடையாது. பார்க்க வேண்டியிருந்தால் யாராவது திறந்து காட்ட வேண்டும். திரையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது எது, தம்பி?"

வண்டி எண்ணைச் சொன்னேன்.

"வண்டி ஓடினால் கோடு ஆடும். ஏற்றும்போது கதவு திறந்து கிடக்கும், ஏறும். டிரைவர் டீ குடிக்க நிறுத்துவான், கம்ப்ரசர் இழுவை குறையும், கொஞ்சம் ஏறும். தூத்துக்குடியில் வரிசையில் நிற்கும்போது இன்னும் ஏறும். இது ஆடவே இல்லையே." பிறகு கிளாசைப் பிடித்திருந்த விரலாலேயே இரண்டு இடத்தைத் தொட்டுக் காட்டினார். நேர்கோட்டில் இரண்டு சின்ன மேடுகள். ஒன்று இரவு பத்தரைக்கு, இன்னொன்று விடியற்காலை நாலரைக்கு. "இது நம் இரண்டாம் நம்பர் ரூம். படிந்த பனியை உருக்கும் டீஃப்ராஸ்ட் டைமரில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று வைத்தவனே நான்தான்."

எழுந்து போய்ப் பார்த்தோம். இரண்டாம் நம்பர் அறை, உள்ளே இடப்பக்க ராக், இரண்டாம் தட்டுக்கு மேலே இருந்த கொக்கியில் நைலான் கயிற்றால் சுருக்குப் போட்டு அந்தப் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. மேலெல்லாம் பொடிப்பனி. ஒட்டியிருந்த சீட்டில் வண்டி எண் பாதிதான் தெரிந்தது. பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் நலம் என்று அதற்கு அர்த்தம்.

நடந்தது இவ்வளவுதான். சரக்கு புறப்படுவதற்கு முந்தின நாள் வண்டியின் கம்ப்ரசர் படுத்துவிட்டது. ராமநாதபுரத்தில் ஒர்க்‌ஷாப்பில் விட்டார்கள். வெயிலில் நின்ற காலி வண்டிக்குள் லாகர் முப்பது நாற்பது டிகிரியைக் காட்டி, முதலாளி, மேனேஜர், வாங்குகிறவரின் ஏஜென்ட் என்று எல்லோருக்கும் எச்சரிக்கைக் குறுஞ்செய்தியாக அனுப்பித் தள்ளியது. "அந்தச் சனியனை முதலில் நிறுத்துங்கள்" என்று யாரோ சத்தம் போட, ஏற்று இறக்கு வேலை பார்க்கும் பையன் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ப் பெட்டியைக் கழற்றி வந்து குளிரான இடத்தில் தொங்கவிட்டான். குறுஞ்செய்தி நின்றது. எல்லோருக்கும் நிம்மதி. மறுநாள் இரவு சரக்கு வாடகை வண்டியில் போனது, லாகர் இல்லாமல். சென்னை ஆபீசில் அறிக்கை எடுத்தவருக்கு வாடகை வண்டி என்று யாரும் சொல்லவில்லை. அட்டவணையில் வண்டி எண்ணுக்கு நேரே எந்தக் கருவி என்று இருக்கிறதோ அதன் தரவை, புறப்பட்ட நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் கொடுத்து எடுத்தார். கருவி அனுப்பியது, அது இருந்த இடத்தின் உண்மையான வெப்பநிலை. பையன் செய்தது, சொன்ன வேலை. அவன் டிரைவரிடம் சொல்லியும் இருக்கிறான். எவரும் பொய் சொல்லாமல் ஒரு பொய்யான ஆவணம் தயாராகிவிட்டது. அந்தச் சரக்கு ஏற்றுமதிக்குப் போகவில்லை. உள்ளூர் விலைக்குத்தான் போனது.

பெயர் சரி, இடம் தவறு

இதைக் கேட்ட நண்பர்கள் உடனே சொல்லும் தீர்வு: கருவியை வண்டியோடு சேர்த்து அடித்துவிட வேண்டியதுதானே? இந்தக் கரையில் வேலை பார்க்காதவர்கள் சொல்வது அது. பாம்பன் காற்றில் உப்பு எதையும் விடுவதில்லை. திருகாணி மூன்று மாதத்தில் திருகாத ஆணி ஆகிவிடும். பேட்டரி மாற்றக் கழற்ற வேண்டும். சென்சாரை ஆண்டுக்கொரு முறை அளவுத்திருத்தத்துக்கு ஆய்வகத்துக்கு அனுப்பக் கழற்ற வேண்டும். வண்டி பழுதானால் கழற்ற வேண்டும். கழற்றி மாட்டுவதுதான் இந்தக் கருவிகளின் வாழ்க்கை. அதைத் தடுக்க நினைக்கிற எந்த ஏற்பாடும் ஒரு வாரம் தாங்காது. இன்னொரு தீர்வு, ஜிபிஎஸ் உள்ள லாகர். நல்லதுதான், விலை கூடுதல். ஆனால் அந்த வண்டியில் ஏற்கெனவே ஜிபிஎஸ் இருந்தது! அது வேறு நிறுவனத்துடையது, வேறு சர்வர், வேறு கடவுச்சொல். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது என்று அது ஒரு பக்கம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை.

சான்றிதழ் என்ன உறுதி தருகிறது என்பதை நிதானமாகச் சொல்லிப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். இந்தச் செய்தியை அனுப்பியது, இந்த ரகசியச் சாவியை வைத்திருக்கும் சில்லுதான். வேறு எதுவும் இல்லை. அவ்வளவே. சில்லு எந்தப் பெட்டியில் இருக்கிறது, பெட்டி எந்தக் கொக்கியில் தொங்குகிறது, கொக்கி எந்தச் சரக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதெல்லாம் சான்றிதழுக்குத் தெரியாது. ஆனால் வாங்குகிறவர் கேட்பது கடைசிக் கேள்வியைத்தான். அவருக்கு லாகரைப் பற்றி ஒரு அக்கறையும் இல்லை, கணவாயைப் பற்றித்தான். கணவாய்க்கும் லாகருக்கும் நடுவே இருந்த ஒரே பாலம் ஆபீசில் இருந்த எக்செல் அட்டவணையின் ஒரு வரி.

இந்தத் துறையில் தரநிலை எழுதியவர்கள் இதை அறியாதவர்கள் இல்லை. மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ.இ.இ.இ.யிடமிருந்து 802.1ஏஆர் என்று ஒரு தரநிலை 2009இலேயே வந்தது. கருவிக்கு இரண்டு அடையாளம் வேண்டும் என்கிறது அது. ஒன்று தயாரிப்பாளர் தொழிற்சாலையில் பதிப்பது, கருவி இருக்கும் வரை மாறாதது. இன்னொன்று அதை வாங்கிப் பயன்படுத்துகிறவர் தம் இடத்தில் கொடுப்பது. கைமாறும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அழகான யோசனை. ஆனால் நான் பார்த்த இடங்களில் இரண்டாவதைக் கொடுக்கும் நாள் பெரிய விழாவாக நடக்கிறது, திரும்ப எடுக்கும் நாள் நாள்காட்டியிலேயே இல்லை. உடைந்த லாகர், தொலைந்த லாகர், விற்ற ஐஸ் பிளாண்டோடு சேர்ந்து போன லாகர் எல்லாம் பதிவேட்டில் சுகமாக உயிரோடு இருக்கின்றன.

டோக்கன்

இதைவிடப் பழைய, இதைவிடப் புத்திசாலித்தனமான ஓர் ஏற்பாடு எங்கள் கரையிலேயே இருக்கிறது. ராமேஸ்வரம் விசைப்படகு ஒன்றைப் பாருங்கள். பக்கவாட்டில் பெரிய எழுத்தில் பதிவு எண் இருக்கும்: ஐஎன்டி, டிஎன், 10, எம்எம் என்று தொடங்கி. அது படகின் நிலையான அடையாளம். ஆனால் அந்த எண் இருக்கிறது என்பதற்காக மட்டும் படகு கடலுக்குப் போய்விட முடியாது. மீன்வளத்துறையிடம் டோக்கன் வாங்க வேண்டும். எண் இந்தப் படகு எது என்று சொல்கிறது. டோக்கன் இந்தப் படகு இன்றைக்குப் போகிறது என்று சொல்கிறது. முதலாவது ஆண்டுக்கணக்கில் நிற்கும். இரண்டாவது அந்தத் தடவைக்கு மட்டும். டோக்கன் முறையிலும் குறை உண்டு, கரையில் யாரைக் கேட்டாலும் ஒரு மணி நேரம் சொல்வார்கள். ஆனாலும் 'நிலையான பெயர் வேறு, இன்றைய நிலவரம் வேறு' என்ற புரிதல் அதில் இருக்கிறது. எங்கள் லாகர்களுக்கு எண் இருந்தது, டோக்கன் இல்லை.

படகு எண்ணின் மறுபக்கமும் இங்கே எல்லோருக்கும் தெரியும். இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு, அங்கேயே அரசுடைமை ஆக்கப்பட்டு, வெயிலிலும் மழையிலும் மட்கிப்போகும் எங்கள் படகுகளின் எண்கள் எத்தனையோ. மரம் அங்கே மட்கும்; எண் இங்கே கடன் பத்திரத்திலும் காகிதத்திலும் உயிரோடு இருக்கும். இப்போது படகுகளில் இஸ்ரோ உருவாக்கிய, செயற்கைக்கோள் வழியே பேசும் டிரான்ஸ்பாண்டர்களைப் பொருத்துகிறார்கள். ஒரு லட்சம் படகுகளுக்கு, 364 கோடி ரூபாயில், 2024 ஆகஸ்டில் ஒன்றிய அரசு தொடங்கிவைத்த திட்டம் அது. புயல் எச்சரிக்கை வரும், ஆபத்தில் செய்தி அனுப்பலாம், எல்லைக்கோடு நெருங்கினால் தெரியும். நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் பிடிபட்ட படகில் இருக்கும் டிரான்ஸ்பாண்டரின் அடையாளத்தை எந்த மேசையில், எந்த நாளில், யார் கையெழுத்திட்டு ரத்து செய்வது என்ற கேள்வியைப் பொருத்துகிற நாளிலேயே கேட்டுவிடுவது நல்லது. படகு போன வீட்டில் வந்து நின்று பிறகு கேட்கும் கேள்வி அல்ல அது.

இது ஏதோ காவல் சம்பந்தப்பட்ட சங்கதி மட்டும் இல்லை, வியாபாரமும்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2010ஆம் ஆண்டிலிருந்து கடலில் பிடித்த மீனுக்குப் பிடிப்புச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடுவதில்லை. எந்தப் படகு பிடித்தது என்பது அந்தச் சான்றிதழில் இருக்க வேண்டும். இப்போது 2026 ஜனவரியிலிருந்து அங்கே இறக்குமதி செய்கிறவர்கள் இவற்றை 'கேட்ச்' என்ற கணினி அமைப்பில் ஏற்றியாக வேண்டும். காகிதத்தில் இருந்த காலத்தில் ஓர் எண் தவறினால் யாராவது தொலைபேசியில் பேசிச் சரிசெய்வார்கள். கணினிக்குக் கணினி பேசும்போது தவறான எண்ணும் சரியான எண்ணைப் போலவே மிடுக்காக நடந்து போகும்.

ஒரு பெட்டிக்கு நான்கு பெயர்

கொக்கியில் தொங்கிய லாகருக்குப் பிறகு, அந்தக் கம்பெனியில் எல்லாக் கருவிகளையும் ஒரு தடவை நேரில் பார்த்துக் கணக்கெடுக்கும் வேலை எனக்கு வந்தது. அப்போது தெரிந்தது, ஒவ்வொரு பெட்டிக்கும் குறைந்தது நான்கு பெயர் இருக்கிறது என்று. பின்பக்க ஸ்டிக்கரில் தொடர் எண். உள்ளே சிம்மோடு பேசும் மோடத்துக்கு, மொபைல் போன்களுக்கு இருப்பது போன்ற 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. அடையாள எண். சான்றிதழில் ஒரு நீளமான பெயர். கடைசியாக, அங்கே வேலை பார்க்கிறவர்கள் கூப்பிடும் பெயர்: 'பழைய டெம்போ பெட்டி', 'ஒயர் வெட்டுப்பட்டது', 'மேனேஜர் ரூம் பக்கத்தில் இருப்பது'. அளவுத்திருத்தச் சான்று தருகிற ஆய்வகம் தொடர் எண்ணைத்தான் எழுதும். தணிக்கைக்கு வருகிறவர் அந்தத் தாளைத்தான் பார்ப்பார். சர்வரில் வருகிற தரவோ சான்றிதழின் பெயரில் வரும். இரண்டும் ஒரே பெட்டிதான் என்பதற்கு ஆதாரம், வேலையை விட்டுப் போன யாரோ ஒருவரின் மடிக்கணினியில். ஸ்டிக்கரை உப்பு தின்றுவிட்ட பெட்டிகளில் அந்த ஆதாரமும் கிடையாது. நான்கில் மாறாமல் புழக்கத்தில் இருந்தது நான்காவது பெயர் மட்டும்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கணக்கெடுப்பில் இன்னொரு வேடிக்கையும் அகப்பட்டது. ஐஸ் பிளாண்டில் இருந்த மலிவு ரகக் கருவி ஒன்று பழுதாகி, அதற்குப் பதில் வேறொன்று வாங்கியிருந்தார்கள். புதியதைப் பதிவு செய்ய விற்ற நிறுவனத்துக்கு எழுதி, அவர்கள் அனுமதி தந்து, சான்றிதழ் வருவதற்குள் ஒரு வாரம் ஆகும் என்பதால், பழுதுபார்க்க வந்தவர் பழையதிலிருந்த சாவிக் கோப்பை அப்படியே புதியதில் நகல் எடுத்துவிட்டார். மலிவு ரகங்களில் சாவி சில்லுக்குள் இருக்காது, சாதாரணக் கோப்பாகத்தான் கிடக்கும். வேலை முடிந்தது. பிற்பாடு பழையதையும் யாரோ சரிசெய்து வேறோர் இடத்தில் மாட்டினார்கள். இந்தக் கருவிகள் பேசும் எம்.க்யூ.டி.டி. முறையில், ஒரே பெயரில் இரண்டாவது கருவி வந்து சேர்ந்தால் முதலாவதைச் சர்வர் வெளியே தள்ளிவிட வேண்டும் என்பது விதி. தள்ளப்பட்டது சும்மா இருக்குமா? திரும்ப வரும், வந்ததும் மற்றது வெளியே போகும். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே கிடந்தன. ஐஸ் பிளாண்ட் ஆட்கள் 'டவர் சரியில்லை' என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் டவரைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நம்பலாம் என்பதால் யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. அதே ஆள் ஒரு மோடத்தில் பழைய ஐ.எம்.இ.ஐ. எண்ணையே எழுதித் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி அது மூன்றாண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சொன்னபோது கம்பெனியில் எல்லோருக்கும் வியர்த்தது. அவரோ உதவி செய்வதாகத்தான் நினைத்திருந்தார்.

இந்த இரண்டு சம்பவத்துக்கும் வேர் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. கருவியைக் கையில் பிடித்திருப்பவருக்குப் பதிவேட்டில் எழுத உரிமை இல்லை. உரிமை உள்ளவர் கருவியைப் பார்த்ததே இல்லை. அனுமதி வாங்க ஒரு வாரம் என்றால் நகல் எடுப்பார்கள். எழுத இடமே இல்லையென்றால் டிரைவரிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். இது ஒழுக்கக் குறைவு இல்லை. ஐஸ் உருகிக்கொண்டிருக்கும் இடத்தில் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

தடைக்காலம்

சென்னை நிறுவனத்தின் ஆலோசகர் ஒருவரோடு இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்ன மருந்து: சான்றிதழ்களின் ஆயுளைக் குறைத்துவிடலாம். நீண்ட ஆயுள் இருப்பதால்தானே செத்த கருவியும் உயிரோடு உலாவுகிறது? உலகமே அந்தத் திசையில்தான் போகிறது. இணையதளங்களுக்கான பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 398 நாளாக இருந்தது. 2026 மார்ச்சிலிருந்து 200 நாள், 2027இல் 100 நாள், 2029 மார்ச்சிலிருந்து 47 நாள் என்று உலாவி நிறுவனங்களும் சான்றளிப்பவர்களும் 2025இல் முடிவெடுத்துவிட்டார்கள். தனியார் கருவிச் சான்றிதழ்களை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனால் நாமும் அதையே பின்பற்றலாமே, எல்லாம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், கவலையே இல்லை என்றார்.

அவரிடம் ஒரு கேள்விதான் கேட்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். 61 நாள். நாட்டுப்படகுச் சரக்கு கொஞ்சம் வரும் என்றாலும் பல கம்பெனிகளில் வண்டி ஓடாது, அறைகளில் பாதியை அணைத்துவிடுவார்கள், லாகர்களைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டு அலமாரிக்கு மேல் வைத்துவிடுவார்கள். 47 நாள் ஆயுள் உள்ள சான்றிதழ் 61 நாள் தூக்கத்தில் என்ன ஆகும்? தூங்கும்போதே காலாவதியாகிவிடும். விழித்ததும் புதுப்பிக்கப் போகும். புதுப்பிக்கும் சர்வரோ செல்லுபடியாகும் சான்றிதழைக் காட்டினால்தான் உள்ளே விடும். கருவியின் உள்கடிகார பேட்டரியும் தீர்ந்துபோயிருந்தால் அது தன்னை, கணினிக் கடிகாரங்கள் எண்ணத் தொடங்கும் 1970ஆம் ஆண்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, சர்வரின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று கதவைச் சாத்தும். இதெல்லாம் எந்த நாளில்? தடை முடிந்து முதல் படகுகள் இறால், நண்டு, கணவாய் என்று குவித்துக் கரைக்கு வரும் நாளில். ஆண்டிலேயே அதிகச் சரக்கு வரும் வாரத்தில் ஒரு லாகரும் பேசாது. ஆலோசகர் சற்று நேரம் எதுவும் சொல்லவில்லை. தடைக்காலம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. மீன் சாப்பிடுகிறவராம்.

காலாவதியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்குப் பெரிய இடத்து உதாரணமே உண்டு. 2018 டிசம்பரில் பிரிட்டனில் ஓ2 தொலைபேசி நிறுவனத்தின் கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு ஒரு நாள் முழுக்க மொபைல் இணையம் போனது. எரிக்சன் நிறுவனத்தின் மென்பொருளில் ஒரு சான்றிதழ் காலாவதியானதுதான் காரணம். ஜப்பானிலும் அதே நாளில் அதே கதை. அத்தனை பொறியாளர்கள் இருக்கும் இடத்தில் அந்தத் தேதியை யாரும் பார்த்திருக்கவில்லை. உச்சிப்புளியில் அலமாரிக்கு மேல் தூங்கும் பெட்டியின் தேதியை யார் பார்ப்பார்?

ஆகவே ஆயுளைக் குறைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எதன் ஆயுளை என்பதில்தான் ஆட்சேபம். கருவியின் பெயர் நீண்ட நாள் இருக்கட்டும். 'இந்தப் பெட்டி இந்த வண்டியில் இருக்கிறது' என்ற கூற்றுக்குத்தான் ஆயுள் குறைவாக இருக்க வேண்டும்: ஒரே ஒரு பயணம். ஒவ்வொரு முறை சரக்கு ஏற்றும்போதும் யாராவது ஒருவர், பெட்டியைக் கண்ணால் பார்த்தவர், ஆமாம் இங்கேதான் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தப் பயணத்துக்கு அறிக்கை தயாராகக் கூடாது.

அந்தக் கம்பெனியில் இதை ஓரளவு செய்திருக்கிறோம். அறைக் கதவிலும் வண்டிக்குள்ளும் பெட்டி மேலும் க்யூஆர் பட்டைகள். ஸ்டிக்கர் இல்லை, தகட்டில் பொறித்தவை. ஏற்றுகிற பையன் தன் போனில் இரண்டையும் படம் பிடித்தால் போதும், லாகின் வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம். சூப்பர்வைசர் அண்ணனுக்கு முதல் முறையாகக் கணினியில் அனுமதி கிடைத்திருக்கிறது. எந்தக் கருவி எங்கே என்பதை மாற்றும் உரிமை சென்னையில் இல்லை, அவரிடம் இருக்கிறது. கோடு ஆடாத வண்டியைக் கண்டால் கொடி காட்டும் ஒரு சிறிய விதியும் சேர்த்தோம். அது அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. கதவு திறக்கும் மேடு இல்லாத பயணம், டீஃப்ராஸ்ட் மேடு மட்டும் உள்ள பயணம் என்று பிரித்துக் காட்டும். விதி நன்றாகவே வேலை செய்கிறது, கொஞ்சம் அதிகமாகவே சந்தேகப்படுகிறது என்பதைத் தவிர.

முதலாளி ஒன்றுக்கு மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. லாகர் இல்லாமல் போன பயணத்துக்கு 'பதிவு இல்லை' என்றே அறிக்கை வர வேண்டும் என்கிறேன். காலிக் கட்டத்தைப் பார்த்தால் வாங்குகிறவர் ஓடிவிடுவார் என்கிறார் அவர். நேர்கோட்டைப் பார்த்து வாங்கியவர் என்ன ஆனார் என்று நான் கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை, தேநீர் வந்தது. இப்போதைக்கு வாடகை வண்டிகளுக்கென்று தனியாக இரண்டு லாகர் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தடைக்காலம் தொடங்குவதற்குள் வந்தால் நல்லது. அண்ணன் அவற்றுக்கு இப்போதே பெயர் வைத்துவிட்டார்: 'விருந்தாளி ஒன்று', 'விருந்தாளி இரண்டு'. அந்தப் பெயர்களையே பதிவேட்டிலும் போடச் சொல்லி விற்பனை நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். இடைவெளி இல்லாத ஆங்கில எழுத்துகளில்தான் பெயர் இருக்க வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது.